தெருமுனைத் தோட்டத்துக்கு 1,000 பவுண்டு: கவுன்சிலின் சிறு மானியத்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. மேற்கு லண்டனின் வெளிப்பகுதியில் குடியிருக்கிறீர்கள். தெருமுனையில் கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு புல்தரைத் துண்டு சும்மா கிடக்கிறது. பழைய மெத்தையும் கடைக் குப்பையும் அங்கேதான் வந்து விழுகின்றன. ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து அதில் நாலு பாத்தி கட்டி, கீரையும் பூச்செடியும் வைத்து, உட்கார ஒரு பெஞ்சும் போட நினைக்கிறீர்கள். இப்படிப்பட்ட அக்கம்பக்க வேலைகளுக்குக் கவுன்சில் 1,000 பவுண்டு வரை மானியம் தருகிறது என்று தெரிய வந்திருக்கிறது. "இவ்வளவு சின்னப் பணத்தால் என்ன ஆகும்? ஊரில் இருந்த நமக்கு நாமே திட்டம் மாதிரியா, இல்லை வெறும் கண்துடைப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்பது உங்கள் கேள்வியே இல்லை. உங்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்து இதில் இறங்கலாமா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

லண்டன் பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) ஒன்றின் மானியப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுவதும், ஆண்டு முடிவில் ரசீதுகளைச் சரிபார்ப்பதும்தான் வேலை. இப்போது சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுதவும் கணக்கு ஒப்படைக்கவும் உதவுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. ஒவ்வொரு கவுன்சிலும் தன் மானியத்துக்குத் தனி விதி வைத்திருக்கும் என்பதால், உங்கள் கவுன்சிலின் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். இறங்கலாம். 1,000 பவுண்டில் ஒரு தெருமுனைத் தோட்டத்தை நிச்சயம் தொடங்க முடியும். ஆனால் அதை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நடத்த அந்தப் பணம் உதவாது; அப்படி உதவும் நோக்கத்தில் அது தரப்படுவதும் இல்லை. இந்த வித்தியாசத்தைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்ட குழுக்கள் நிலைக்கின்றன. புரிந்துகொள்ளாதவை முதல் கோடை முடிவதற்குள் சோர்ந்துபோகின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் ஒவ்வொரு நிதிக்கும் ஒவ்வொரு விதமான கேள்வி கேட்பார்கள். லண்டனில் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, வார்டு கவுன்சிலர்களின் கையில் இருக்கும் சிறு நிதி. எல்லா பரோவிலும் இது கிடையாது. இருக்கும் இடத்தில், அந்த வார்டின் கவுன்சிலர்கள் பரிந்துரைத்தால் அதிகாரிகள் விதிகளைச் சரிபார்த்துப் பணத்தை விடுவிப்பார்கள். இன்னொன்று, கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி, சுருக்கமாக சி.ஐ.எல். புதிதாக அடுக்குமாடி கட்டும் நிறுவனங்களிடம் கவுன்சில் வசூலிக்கும் கட்டணம் இது. 2010ல் நடைமுறைக்கு வந்தது. இதில் 15 சதவீதம் அக்கம்பக்கத்துக்கு என்று ஒதுக்கப்படும். அந்தப் பகுதி மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட அக்கம்பக்கத் திட்ட ஆவணம் ஒன்று இருந்தால் 25 சதவீதம். பாரிஷ் கவுன்சில் (கிராமம், சிற்றூர் அளவிலான சிறு உள்ளாட்சி) இருக்கும் ஊர்களில் இந்தப் பங்கு அவர்களிடமே போய்விடும். லண்டனில் பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில் இல்லாததால் பரோவே வைத்துக்கொண்டு, மக்களைக் கலந்து பேசிச் செலவிட வேண்டும். பல பரோக்கள் அதன் ஒரு பகுதியைச் சிறு மானியங்களாகப் பிரித்துத் தருகின்றன.

உங்கள் மானியம் இந்த இரண்டாவது வகை என்றால், விண்ணப்பத்தில் ஒரு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். புதுக் கட்டடங்களால் ஒரு பகுதிக்கு ஏற்படும் தேவைகளைச் சமாளிக்கத்தான் அந்தப் பணம் என்று விதி சொல்கிறது. ஆகவே பக்கத்துத் தெருவில் புது ஃபிளாட்டுகள் வந்திருக்கின்றன, அங்கே குடிவந்தவர்களுக்குத் தோட்டம் கிடையாது, உட்கார இடம் கிடையாது, இந்தப் புல்தரைதான் நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். நல்ல விண்ணப்பங்கள் பல இந்த ஒரு பத்தி இல்லாமல் பின்தங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

லண்டனுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. மில்டன் கீன்ஸ் மாதிரி சில நகரங்களில் எல்லாப் பகுதியும் ஏதாவது ஒரு பாரிஷுக்குள் வந்துவிடும். லண்டனில் நீண்ட காலம் பாரிஷ் அமைக்கவே சட்டம் இடம் தரவில்லை. 2007ல் சட்டம் மாறியது, 2014ல் வெஸ்ட்மின்ஸ்டரின் குயின்ஸ் பார்க்கில் முதலாவது வந்தது. பாரிஷ் கவுன்சில்கள் உங்கள் கவுன்சில் டாக்ஸோடு சேர்த்து வசூலிக்கும் சிறு தொகையிலிருந்து மானியம் தருகின்றன. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவு இதற்கு ஒரு முக்கியமான வழி. அதன்படி ஒரு வாக்காளருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. 2024-25ல் அது 10.81 பவுண்டு. 2,000 வாக்காளர் உள்ள கிராமம் என்றால் அந்தப் பிரிவின் கீழ் ஆண்டு முழுவதற்கும் 21,620 பவுண்டுக்கு மேல் செலவிட முடியாது. செலவுக்கு ஏற்ற பலன் ஊருக்குக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. தகுதி பெற்ற பாரிஷ் கவுன்சில்களுக்கு 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தின்படி பரந்த அதிகாரம் இருப்பதால் அவர்களை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. எப்படியானாலும், அங்கே மானியத்தை முடிவு செய்பவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கக்கூடிய கூட்டத்தில் முடிவு செய்வார்கள். போய் உட்காருங்கள்.

ஏன் இவ்வளவு சின்னத் தொகை என்று கேட்டீர்கள். கவுன்சில் பணத்தில் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் போகிறது. அவை சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. அக்கம்பக்க மானியம் அப்படிப்பட்டது இல்லை. கவுன்சில் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம். வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று கவுன்சிலின் நிதித் தலைவர் 114ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டால், புதுச் செலவுகள் ஏறக்குறைய எல்லாமே அன்றோடு நிற்கும். நம் மக்கள் நிறைய வசிக்கும் கிராய்டனில் 2020ல் அது நடந்தது. 2023ல் பர்மிங்காமிலும் நாட்டிங்காமிலும் நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் இந்த மாதிரி மானியங்கள்தான் முதலில் அடிபடும். அதனால் "அடுத்த வருஷமும் இதே மானியம் வரும்" என்று நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். இதை உறுதியாகவே சொல்கிறேன்.

கண்துடைப்பா என்ற சந்தேகத்துக்கு இனி வருகிறேன். மானியத் தொகையை மட்டும் பார்த்தால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் உள்ளே இருந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. கவுன்சில் தன் ஒப்பந்தக்காரரை வைத்து அதே நாலு பாத்தியும் ஒரு பெஞ்சும் அமைத்தால், வரைபடம், மேற்பார்வை, கூலி எல்லாம் சேர்ந்து பல மடங்கு ஆகும். அதற்கப்புறம் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. உங்கள் குழுவிடம் 1,000 பவுண்டு கொடுத்தால் கூலி உங்களுடையது, அக்கறையும் உங்களுடையது. பணம் முழுவதும் மரப்பலகை, மண், கருவி, காப்பீடு என்று பொருளாகவே மாறுகிறது. கவுன்சிலுக்கு இது லாபம். அதை மறைக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் லாபமா என்பது, இந்தப் பணத்தோடு சேர்ந்து வரும் மற்றவற்றை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

அந்த மற்றவற்றில் முதலாவது, நீங்கள் ஓர் அமைப்பாக மாறுவது. ஏறக்குறைய எந்தக் கவுன்சிலும் தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு மானியம் போடாது. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ அமைப்பு விதிகள் எழுத வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர் வேண்டும். அமைப்பின் பெயரில் கணக்கு, அதில் ஒரே வீட்டைச் சேராத இருவர் கையெழுத்து. இதெல்லாம் வெறும் காகித வேலை என்று தோன்றும். ஆனால் அடுத்து நீங்கள் எங்கே போய்க் கேட்டாலும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள். முதல் மானியத்தின் பெரிய பலன் இந்தத் தயார்நிலை என்பதே என் கருத்து. வங்கிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில்கூட. சிறு அமைப்புகளுக்கும் மாதக் கட்டணம் வாங்கும் வங்கிகள் இப்போது உண்டு. ஆகவே அதை இன்றே தொடங்குங்கள். அது முடியாவிட்டால் பக்கத்துக் குடியிருப்போர் சங்கமோ, பள்ளியின் பெற்றோர் சங்கமோ, உங்கள் பரோவின் தன்னார்வ அமைப்புகளுக்கான மையமோ உங்களுக்காகப் பணத்தை வாங்கி வைத்துச் செலவழிக்கலாமா என்று மானியப் பிரிவிடம் கேளுங்கள். பல கவுன்சில்கள் அதை ஏற்றுக்கொள்ளும்.

சாரிட்டியாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். சாதாரண சங்க வடிவில் இருக்கும் அறப்பணி அமைப்புக்கு ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் இங்கிலாந்தில் பதிவு கட்டாயம். சி.ஐ.ஓ. என்ற, சட்டத்தின் கண்ணில் தனி உருவம் உள்ள அறப்பணி அமைப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு இப்போதைக்குச் சாதாரண சங்கமே போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அப்படிப்பட்ட சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உருவம் இல்லை. சங்கத்தின் பெயரில் போடும் ஒப்பந்தத்துக்கும் அதன் வேலையில் நேரும் விபத்துக்கும் கமிட்டியில் உள்ளவர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக வேண்டியிருக்கும். அதனால்தான் பொது மக்களுக்கு ஏற்படும் விபத்துக்கான காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். 50 லட்சம் பவுண்டுக்கு எடுக்கச் சொல்வது வழக்கம். தொகையைப் பார்த்து மிரள வேண்டாம். சிறு குழுக்களுக்கான பிரீமியம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டுக்குள் அடங்கிவிடும். அதையும் மானிய பட்ஜெட்டிலேயே சேர்க்கலாம்.

இரண்டாவது, நிலம். இங்கேதான் அதிகமான திட்டங்கள் சிக்குகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "கவுன்சில் நிலம்" என்று நாம் சொல்வது உண்மையில் வெவ்வேறு துறைகளின் நிலம். சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை, கவுன்சில் வீடுகளை ஒட்டியது என்றால் வீட்டுவசதித் துறை, இல்லாவிட்டால் பூங்காத் துறை. மானியப் பிரிவு பணம் தரச் சம்மதித்த பிறகும், நிலத்தை வைத்திருக்கும் துறை கையெழுத்துப் போடாமல் வேலை மாதக்கணக்கில் நின்றுபோகலாம். நிலப்பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி உரிமையாளர் யார் என்று பார்த்துவிடலாம். வார்டு கவுன்சிலரிடம் கேட்டால் அதுவும் தேவைப்படாமல் போகலாம். சாலையை ஒட்டிய துண்டு என்றால், 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 142ஆம் பிரிவில், பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே செடி வைத்துப் பராமரிக்க உரிமம் தர வழி இருக்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் கடிதம் சரியான மேசைக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

மண்வெட்டியை எடுக்கும் முன் நிலத்துக்கு அடியில் கேஸ் குழாய், மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். லைன்சர்ச் பிஃபோர் யூ டிக் என்ற இணையச் சேவையில் இலவசமாக விசாரிக்கலாம். அப்புறம் மண். ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் பொது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கார்ப் புகை படிந்த சாலையோர மண்ணில் ஈயம் தங்கியிருக்கலாம். குழந்தைகள் பறித்துத் தின்னும் கீரையை அந்த மண்ணில் நேரடியாக வளர்க்காதீர்கள். தரைக்கு மேல் பலகை அடித்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து வாங்கிய மண்ணை நிரப்பிய பாத்திதான் பாதுகாப்பு. பட்ஜெட்டில் மண்ணுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் ஒதுக்குங்கள். பெரும்பாலான விண்ணப்பங்களில் குறைவாகப் போடப்படுவது அதுதான்.

பணத்துக்காகக் காத்திருக்காமல் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். மேற்கு யார்க்‌ஷரில் டாட்மார்டன் என்ற சிற்றூரில் 2008ல் இன்கிரெடிபிள் எடிபிள் என்ற குழு, பொது இடங்களில் யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளும்படி மூலிகையும் காய்கறியும் நட ஆரம்பித்தது. போலீஸ் நிலையத்துக்கு முன்னால் சோளம் விளைந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாம் வார்ஹர்ஸ்ட், முன்பு கால்டர்டேல் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். கவுன்சில் எப்படி வேலை செய்யும் என்று நன்றாகவே தெரிந்தவர். அவர்கள் அறிக்கைக்கும் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, முதலில் நட்டார்கள். லண்டன் சாலையோரத்தில் அதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன குழாயும் கம்பியும் காரணம். ஆனால் ஆட்கள் முதலில் கூடினார்கள், பணம் பிறகு வந்தது என்ற வரிசையைக் கவனியுங்கள். சின்ன மானியங்கள் நன்றாக வேலை செய்த எல்லா இடத்திலும் நான் பார்த்த வரிசை அதுதான். பணம் வந்த பிறகு ஆள் தேடிய குழுக்கள் அநேகமாகத் தேறவில்லை.

விண்ணப்பத்தை மதிப்பிடும் அதிகாரி என்ன பார்ப்பார் என்பதையும் சொல்கிறேன். "சமூக நல்லிணக்கத்தை மேம்படுத்துவோம், மனநலத்தைப் பேணுவோம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த வரிகளைக் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். "மார்ச்சில் இரண்டு சனிக்கிழமைகளில் நாலு பாத்தி கட்டுவோம், ஒன்று சக்கர நாற்காலியில் இருப்பவர் கை எட்டும் உயரத்தில், ஏப்ரலில் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளோடு நடவு, தண்ணீர் எதிர்வீட்டிலிருந்து" என்று எழுதினால் அங்கே கண் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் விலைப்பட்டியலோ கோட்டேஷனோ இணைத்தால் பாதி வேலை முடிந்தது. கேட்கும் தொகையைச் செயற்கையாக 1,000 என்று முழுமையாக்காதீர்கள். 870 பவுண்டு ஆகும் என்றால் 870 கேளுங்கள்; கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும்.

இதில் நம்மவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் ஏழெட்டுக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்கள் என்றால், விண்ணப்பம் போடும் முன் தெருவில் மற்ற கதவுகளையும் தட்டுங்கள். குஜராத்திக் குடும்பம் இருக்கும், போலந்துக் குடும்பம் இருக்கும், தனியாக வாழும் ஆங்கிலேய மூதாட்டி இருப்பார். பொதுப் பணத்தில் பொது நிலத்தில் செய்யும் வேலை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கவுன்சில் கவனித்தே ஆக வேண்டும். 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் அந்தக் கடமையை அதன்மேல் வைத்திருக்கிறது. கமிட்டியில் பலதரப்பட்ட பெயர்கள் இருப்பது அதற்குச் சான்று. சான்றுக்காக மட்டும் சொல்லவில்லை; ஆகஸ்டில் நாம் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப்போவது அந்த மூதாட்டிதான். கோயில் சார்பாகவோ தமிழ்ப் பள்ளி சார்பாகவோ கேட்பவர்களுக்கும் இதே பதில். வழிபாட்டுக்கும் மதப் பரப்புக்கும் கவுன்சில்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. ஆனால் கோயில் மண்டபத்தில் எல்லோரும் வரக்கூடிய முதியோர் மதிய உணவோ உடற்பயிற்சி வகுப்போ நடத்தினால், அதற்குக் கேட்பதில் தடை இருக்காது.

நமக்கு நாமே திட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 1997ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2011ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021க்குப் பிறகு பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. அதன் அடிப்படை, வேலைக்கான மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் ரொக்கமாகக் கட்டுவது. மீதியை அரசு போடும். பள்ளிக்கூடச் சுவர், சமுதாயக் கூடம், குளம் தூர்வாருதல் என்று கொஞ்சம் பெரிய வேலைகள் அதில் நடந்தன. இங்கே உங்களிடம் யாரும் ரொக்கப் பங்கு கேட்க வாய்ப்பு குறைவு; உங்கள் உழைப்பையே பங்காக எடுத்துக்கொள்வார்கள். 2011 முதல் 2015 வரை பிரிட்டிஷ் அரசு இங்கே நடத்திய கம்யூனிட்டி ஃபர்ஸ்ட் என்ற திட்டத்தில், தன்னார்வலர்களின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பண மதிப்புப் போட்டு அதை மக்களின் பங்காகக் கணக்கிட்டார்கள். கவுன்சில் படிவத்தில் "உங்கள் பங்களிப்பு" என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், யார் வீட்டு ட்ரில், யாருடைய வேன் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இனி நிச்சயமில்லாத விஷயங்கள். இந்த மானியங்களால் பாத்தியும் பெஞ்சும் உருவாகின்றன என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. பங்கெடுத்தவர்கள் அடுத்த வேலைக்குத் துணிகிறார்கள் என்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் சொல்லப்படும் பெரிய பலன்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு போட்டால் இத்தனை பவுண்டு சமூகப் பலன் திரும்பும் என்று சில அறிக்கைகள் கணக்குக் காட்டுகின்றன. அந்த எண்கள் பெரும்பாலும் அனுமானத்தின் மேல் அனுமானமாகக் கட்டப்பட்டவை. தோட்டம் வந்ததால் தனிமை குறைந்தது, குற்றம் குறைந்தது என்று ஆயிரம் பவுண்டுத் திட்டத்தை வைத்து நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். குப்பை விஷயத்திலும் அப்படித்தான். ஆள் நடமாட்டமும் பராமரிப்பும் உள்ள இடத்தில் குப்பை குறைவதைப் பார்த்திருக்கிறேன். அது அடுத்த தெருவுக்கு இடம் மாறியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே விண்ணப்பத்தில் "குப்பை ஒழியும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "மாதம் ஒருமுறை துப்புரவு செய்வோம், புகாரைக் கவுன்சிலுக்கு அனுப்புவோம்" என்று உங்கள் கையில் உள்ளதை எழுதுங்கள்.

என்னை உண்மையில் உறுத்தும் குறை ஒன்று இருக்கிறது. இந்த முறையில் ஆங்கிலத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், நேரம் உள்ளவர்கள், கவுன்சிலரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் வாழும் தெருக்களுக்கே பணம் எளிதாகப் போகிறது. இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த தெருவிலிருந்து விண்ணப்பமே வருவதில்லை. எடின்பரோவின் லீத் பகுதியில் 2010ல் சிறு மானியங்களைப் பொதுமக்கள் வாக்களித்து முடிவு செய்யும் முறை தொடங்கியது. நல்ல முயற்சி, மக்கள் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். ஆனால் வாக்கெடுப்பு என்று வந்தால் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ள அமைப்புக்குச் சாதகம் என்ற கவலை அங்கும் தீராது. பிக் லோக்கல் திட்டம் வேறு வழியில் போனது: லாட்டரி நிதியிலிருந்து, இங்கிலாந்தில் அதுவரை நிதி அதிகம் கிடைக்காத 150 பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10 லட்சம் பவுண்டை ஒதுக்கி, அதைப் பத்தாண்டுக்கு மேல் செலவிடும் பொறுப்பைக் குடியிருப்பவர்களிடமே கொடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு கைநீட்ட வேண்டியிராத அந்த நிதானம் எந்தச் சிறு மானியத்திலும் கிடைக்காது. என்னைக் கேட்டால், கவுன்சில்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பம் வராத தெருக்களுக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும். சில கவுன்சில்கள் செய்கின்றன. போதாது.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டாம் ஆண்டைப் பற்றி. மானியப் பணத்தை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு நிற்கும் பொருள்களில் போடுங்கள்: தடித்த பலகை, நல்ல மண், மழைநீர்த் தொட்டி, பூட்டுள்ள கருவிப் பெட்டி. ஆண்டுதோறும் வாங்க வேண்டிய நாற்று, விதை போன்றவற்றை வீடுகளிலிருந்து கொண்டுவரப் பழகுங்கள். வெந்தயமும் கொத்தமல்லியும் சமையலறை டப்பாவிலிருந்தே முளைத்துவிடும். புதினாவைத் தனித் தொட்டியில் வையுங்கள், பாத்தி முழுக்கப் பரவிவிடும். ஆண்டுதோறும் வரும் செலவு காப்பீடு ஒன்றுதான் என்ற நிலைக்குத் திட்டத்தைக் கொண்டுவந்தால், குடும்பத்துக்குச் சில பவுண்டு போட்டே அதைச் சமாளிக்கலாம். அப்புறம் கவுன்சில் மானியத்தை நிறுத்தினாலும் தோட்டம் நிற்காது. சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது, மாத வாடகை கட்டுவது போன்றவற்றை 1,000 பவுண்டு மானியத்தின் மேல் ஏற்றவே கூடாது.

பணம் வந்த பிறகு ஒவ்வொரு ரசீதையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். சில கவுன்சில்கள் முன்பணமாகத் தரும், சில நீங்கள் செலவழித்த பிறகுதான் தரும். இரண்டாவது என்றால் முதலில் யார் கையிலிருந்து போடுவது என்று பேசிக்கொள்ளுங்கள், நட்பு கெடுவது அங்கேதான். பெஞ்சுக்கு என்று வாங்கிய பணத்தில் வேலி போட வேண்டிய நிலை வந்தால், செலவழிக்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். காரணம் நியாயமாக இருந்தால் அநேகமாகச் சரி என்றே சொல்வார்கள். கேட்காமல் செய்தால் திருப்பிக் கட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மானியம் கிடைக்காமல் போனாலும் கவுன்சிலிடம் பணமில்லாமல் கேட்க நிறைய இருக்கிறது. மரங்களை வெட்டும் பிரிவிடம் மரச்சில்லுகள் கேட்கலாம், துப்புரவு நாளன்று குப்பையை எடுத்துப்போக வண்டி கேட்கலாம். பல பரோக்களில் மாதம் சில மணி நேரம் தெருவை மூடிக் குழந்தைகள் விளையாட அனுமதி தருகிறார்கள். பிரிஸ்டலில் சில பெற்றோர்கள் 2009ல் தொடங்கியது அது, இன்று பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. அப்படி ஒரு மதியம் நடத்தினால் தோட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் அங்கேயே கிடைப்பார்கள். ஓராண்டு தோட்டத்தை நடத்திக் கணக்கையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டால், தேசிய லாட்டரியின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் நிதிக்குப் போகலாம். 300 முதல் 20,000 பவுண்டு வரை தருகிறார்கள். கவுன்சிலிடம் வாங்கி முடித்த சின்ன மானியம் அங்கே உங்களுக்கு நல்ல அறிமுகமாக இருக்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை மூன்று. நிலம் எந்தத் துறையுடையது என்று கேட்டு வார்டு கவுன்சிலருக்குப் புல்தரையின் படத்தோடு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். தெருவில் எல்லாக் கதவையும் தட்டி, யார் எந்த நாளில் வர முடியும் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் தரச் சம்மதிக்கும் வீட்டுக்காரரிடம் அதை ஒரு வரியில் எழுதி வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அதை இணைப்பவர்கள் மிகக் குறைவு, நாங்கள் முதலில் தேடியதோ அதைத்தான். பட்ஜெட்டைப் போட்டு முடித்ததும் இங்கேயே எழுதுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.